கன்ட்ரி இசையில் ஸ்டீல் கிட்டார் கலைஞராகத் தொழில் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டீல் கிட்டார் என்பது எப்படிப்பட்ட கருவி?

கிட்டாரைப் படுக்கைவாட்டில் வைத்து, இடக்கையில் ஓர் எஃகு உருளையைப் பிடித்துத் தந்திகளின் மேல் நகர்த்தியபடி, வலக்கை விரல்களில் மாட்டிய நகங்களால் மீட்டி வாசிப்பது ஸ்டீல் கிட்டார். விரலால் தந்தியை அழுத்தும் வேலை இதில் இல்லை. மெட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகளே வரையப்பட்டிருக்கும். உருளை எங்கே நிற்கிறதோ அங்கே சுரம் பிறக்கும். சித்திரவீணைக் கச்சேரி கேட்டவர்களுக்கு இந்த வாசிப்பு முறை புதிதாக இராது. சுரங்களுக்கு இடையே ஒலி வழுக்கிச் செல்வதும், குரலைப் போலவே குழைவதும் இரண்டுக்கும் பொது.

மடியில் வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீல், உலோகத் தகட்டின் அதிர்வால் ஒலி பெருக்கும் டோப்ரோ, மேசைபோலத் தன் கால்களில் நின்று மிதிகளும் முழங்கால் நெம்புகோல்களும் கொண்ட பெடல் ஸ்டீல் என இதற்கு மூன்று முக்கிய வடிவங்கள் உண்டு. அமெரிக்கக் கிராமிய மரபில் வேர்கொண்ட கன்ட்ரி இசையின் குழுவில் ‘ஸ்டீல் வாசிப்பவர் தேவை’ என்று சொன்னால் இன்று பெரும்பாலும் பெடல் ஸ்டீலையே குறிப்பிடுகிறார்கள். கீழுள்ள பதில்களும் அதைப் பற்றியவையே.

ஹவாய்த் தீவின் கருவி டெக்சாசுக்கும், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்கும் எப்படி வந்து சேர்ந்தது?

ஓவாகு தீவின் லாயியே ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்ற இளைஞர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிட்டார் தந்திகளின் மேல் உலோகத் துண்டை வழுக்கவிட்டு வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அமெரிக்கப் பெருநிலம் முழுவதும் மோகமாகப் பரவியது. கிராமத்துக் கலைஞர்களும் அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மின்சார கிட்டாரே ஒரு லேப் ஸ்டீல்தான். வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதை ‘வாணலி’ என்றே அழைத்தார்கள். 1935இல் டெக்சாசின் பாப் டன், மில்டன் பிரவுனின் குழுவுக்காக மின்சார ஸ்டீலை வாசித்துப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே பாப் வில்ஸ் குழுவின் லியோன் மெக்காலிஃப் அதை நாடறியச் செய்தார். நடன மண்டபங்களின் இரைச்சலை மீறி ஒலிக்க மின்சாரம் உதவியது. அதனால்தான் இந்தக் கருவி அங்கே நிலைத்தது.

மிதிகள் எதற்காகச் சேர்க்கப்பட்டன?

உருளை நேராகத்தான் நிற்கும். ஆகவே தந்திகளுக்கு முன்கூட்டியே கூட்டிய சுருதியில் அமைந்த ஸ்வரக்கூட்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரத் தொகுதிகளை, அதாவது கார்டுகளை) தவிர வேறெதுவும் எளிதில் கிடைக்காது. இந்தக் குறையைப் போக்க, ஒரே மேசையில் இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளைக்கூடப் பொருத்தி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு சுருதியில் வைத்து வாசித்தவர்கள் உண்டு. மிதியை அழுத்தினால் குறிப்பிட்ட தந்திகளின் சுருதி மாறும் என்ற ஏற்பாடு அதற்கு மாற்றாக வந்தது. தொடக்கத்தில் அதை ஒரு சுருதியமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கு மட்டுமே பயன்படுத்தினார்கள்.

1953இன் இறுதியில் பாடகர் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாடலைப் பதிவு செய்தபோது, பட் ஐசக்ஸ் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தினார். ஒரு தந்தி அசையாமல் நிற்க, பக்கத்துத் தந்திகள் மட்டும் மேலேறின. அடுத்த ஆண்டு அந்தப் பாடல் முதலிடம் பிடித்ததும், நாடெங்கும் ஸ்டீல் கலைஞர்கள் அந்த ஒலியை எப்படி வரவழைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். சிலர் வீட்டில் கிடைத்த கம்பிகளைக் கொண்டு தங்கள் கருவிக்குத் தாங்களே மிதி பொருத்தினார்கள். சில ஆண்டுகளுக்குள் பட்டி எம்மன்ஸ், ஒரே மிதி செய்த அந்த வேலையை இரண்டு மிதிகளாகப் பிரித்தார். இன்று நாம் கன்ட்ரி என்றவுடன் நினைக்கும் அந்த உருக்கமான ஒலி அந்தப் பிரிப்பிலிருந்து வந்தது.

நமக்குப் பழக்கமான சுரங்களில் சொன்னால் இது எளிதாகப் புரியும். ச-க-ப என மூன்று தந்திகள் ஒலிக்கின்றன என்று கொள்ளுங்கள். முதல் மிதி பஞ்சமத்தைச் சதுச்ருதி தைவதத்துக்கு ஏற்றுகிறது. இரண்டாம் மிதி அந்தர காந்தாரத்தைச் சுத்த மத்யமத்துக்கு ஏற்றுகிறது. சட்ஜம் மட்டும் நகர்வதில்லை. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ச-ம-த, அதாவது உருளையை நகர்த்தாமலேயே வேறொரு ஸ்வரக்கூட்டு. அழுத்தும் வேகத்தை மாற்றினால் அதே நகர்வு கமகமாகவும் ஆகும், விம்மலாகவும் ஆகும்.

ஈ9, சி6 என்ற இரண்டு சுருதியமைப்புகளில் எதைக் கற்க வேண்டும்?

வேலைக்காகக் கற்பவர் ஈ9இல் தொடங்க வேண்டும். பத்துத் தந்திகள், மூன்று மிதிகள், நான்கு அல்லது ஐந்து முழங்கால் நெம்புகோல்கள் என்பது இன்றைய வழக்கமான அமைப்பு. சி6 என்பது வெஸ்டர்ன் ஸ்விங் (ஜாஸ் கலந்த டெக்சாஸ் நடன இசை), ஜாஸ் ஆகியவற்றுக்கு உரியது. செறிவான ஸ்வரக்கூட்டுகள் அதில் கைக்கு அருகில் கிடைக்கும். டெக்சாஸ் நடன மண்டபங்களில் வாசிக்க விரும்புபவருக்கு அது அவசியம். மற்றவர்களுக்கு அது இரண்டாம் கட்டப் படிப்பு.

மிதிகளின் வரிசையில் இரண்டு மரபுகள் உள்ளன. எம்மன்ஸ் ஒரு வரிசையில் வைத்தார்; அவருடைய சமகாலத்தவரான ஜிம்மி டே நேர் எதிர் வரிசையில் வைத்தார். இரண்டும் இன்றுவரை புழக்கத்தில் உள்ளன. கணுக்கால் ஒன்றில் பழகிவிட்டால் மற்றதற்கு மாறுவது பெரும் துன்பம் என்பதால், முதல் நாளிலேயே ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது.

கற்பதில் மிகக் கடினமானது எது?

இரண்டு கைகள், இரண்டு கால்கள், இரண்டு முழங்கால்கள் ஆகிய ஆறும் ஒரே சமயத்தில் வெவ்வேறு வேலை செய்ய வேண்டியிருப்பதையே எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஆனால் அது சில மாதங்களில் உடம்புக்குப் பழகிவிடும். பழகாதவை மூன்று.

முதலாவது சுருதி சுத்தம். ஏறத்தாழ கால் கிலோ எடையுள்ள உருளை ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் அபசுரம்தான். கோட்டை மேலிருந்து பார்க்கும் கோணம் சற்றே மாறினால்கூட உருளையின் இடம் தவறும். ஆகவே கண் வழிகாட்டலாமே தவிர, தீர்ப்புச் சொல்ல வேண்டியது காதுதான். இதிலும் ஒரு நுட்பம் உண்டு: தேர்ந்த கலைஞர்கள் பலர் காந்தாரத் தந்திகளைச் சுருதிமானி காட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே கூட்டி வைக்கிறார்கள். சமமாகப் பங்கிட்ட பியானோச் சுருதியில் காந்தாரம் சற்றுக் கூர்மையாக இருப்பதால், நீண்டு நிற்கும் ஸ்டீலின் ஒலியில் அது உறுத்துகிறது.

இரண்டாவது, ஒலியை நிறுத்துவது. தந்தியை மீட்டுவதைவிட, மீட்டிய தந்தியை உள்ளங்கையின் விளிம்பால் உரிய நேரத்தில் அடக்குவது கடினம். அடக்காவிட்டால் பழைய சுரமும் புதிய சுரமும் கலந்து குழம்பிவிடும்.

மூன்றாவது, வலக்காலின் கீழிருக்கும் ஒலியளவு மிதி. தந்தியை மீட்டும்போது அதைப் பாதியளவில் வைத்திருந்து, ஒலி தேயத் தேய மெல்ல அழுத்தினால் சுரம் குறையாமல் நீண்டு நிற்கும். புதியவர்கள் ஒவ்வொரு சுரத்துக்கும் அதைத் துருத்திபோல ஏற்றி இறக்குவார்கள், கேட்பவருக்குத் தலைசுற்றும்.

எங்கே கற்கலாம்?

டெக்சாஸ் மாநிலம் லெவல்லண்டில் உள்ள சவுத் பிளெயின்ஸ் கல்லூரி, கன்ட்ரி, புளூகிராஸ் இசையை முறையான பாடமாகக் கற்பிக்கிறது. நாஷ்வில்லின் முன்னணிக் கலைஞரான பால் ஃபிராங்க்ளின் இணையவழியில் பாடம் நடத்துகிறார். இவையெல்லாம் இல்லாத தலைமுறை, இசைத்தட்டின் வேகத்தைக் குறைத்துக் கேட்டுக் கற்றது. என் கருத்தில் அந்தப் பழைய முறையை இன்றும் கைவிடக் கூடாது. குறியீட்டைப் பார்த்துக் கற்றவரின் வாசிப்பில் சுரங்கள் இருக்கும், சுரங்களுக்கு இடைப்பட்ட வழுக்கல் இருக்காது.

இதில் என்னென்ன வேலைகள் கிடைக்கின்றன?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இது பக்கவாத்தியக்காரரின் தொழில். தன் பெயரில் கச்சேரி செய்து மட்டும் பிழைக்கும் ஸ்டீல் கலைஞர்கள் மிக அரிது. பாடகருக்கு இடம் விட்டு, அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு வாக்கியம் பேசி, அடுத்த வரி தொடங்குமுன் விலகிக்கொள்ளத் தெரிந்தவருக்கே மீண்டும் அழைப்பு வரும்.

நாஷ்வில்லுக்குப் புதிதாக வருபவர் பெரும்பாலும் லோயர் பிராட்வே தெருவின் மதுக்கூடங்களில் தொடங்குகிறார். காலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் இசை நடக்கும். ஒரு குழுவின் முறை ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஒத்திகை கிடையாது. வந்தவர் கேட்கும் பாடலைக் குழுத் தலைவர் அறிவித்துச் சுருதியை விரல்களால் காட்டுவார். அடுத்த நொடி முன்னிசையை ஸ்டீல்தான் தொடங்க வேண்டியிருக்கலாம். அடிப்படைச் சம்பளம் சிறியது. கூட்டத்தில் சுற்றிவரும் அன்பளிப்புக் குவளையை நம்பியே வருமானம். ஆனால் பழைய பாடல்களின் களஞ்சியம் மனத்தில் ஏறுவதற்கு அதைவிடச் சிறந்த பள்ளி இல்லை. அந்தத் தெருவில் மரபு கன்ட்ரிக்குப் பெயர்பெற்ற ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டு இயங்கும் கட்டடத்தில்தான், ஒரு காலத்தில் ஷோ-பட் ஸ்டீல் கிட்டார் நிறுவனம் இருந்தது.

அடுத்தது பயணக் குழு. பாடகரின் பேருந்து வார நடுவில் இரவில் புறப்பட்டு, வார இறுதிக் கச்சேரிகளை முடித்துக்கொண்டு திரும்பும். பதிவில் வேறொருவர் வாசித்ததை மேடையில் அப்படியே திருப்பி வாசிப்பதே பெரும்பாலும் வேலை. குடும்பம் உள்ளவர்களுக்கு இது எளிதன்று. பாடகரின் பாடல்கள் ஓடாமல் போனால் வேலையும் போகும்.

நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் மேடையில், நிரந்தர வாத்தியக் குழுவில் இடம் பெறுவது மிக அரிதான, நிலையான வேலை. அங்கு ஸ்டீலுக்கு ஒரே ஓர் இருக்கைதான். வெல்டன் மைரிக் அதில் 30 ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்திருந்தார். இவை தவிர, கற்பித்தல், கருவி பழுதுபார்த்தல், வீட்டிலிருந்தே பதிவு செய்து கோப்பாக அனுப்புதல் ஆகியவற்றையும் சேர்த்தே பலருடைய மாத வருமானம் தேறுகிறது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை எப்படி நடக்கிறது?

இசைத் தொழிலாளர் சங்கத்தின் விதிப்படி ஓர் அமர்வு மூன்று மணி நேரம். 1960களில் அந்த மூன்று மணி நேரத்துக்குள் நான்கு பாடல்களை முடிப்பது வழக்கமாக இருந்தது. வாசிப்பவர்கள் பாடலை அங்கேதான் முதன்முதலாகக் கேட்பார்கள். மாதிரிப் பாடலை ஒருமுறை ஒலிக்கவிட்டதும், கையில் ஒரு தாள் வரும். அதில் சுரங்கள் இராது, 1, 4, 5 என எண்கள் இருக்கும். ஜோர்டனேர்ஸ் என்ற குரலிசைக் குழுவின் நீல் மேத்யூஸ் 1950களின் இறுதியில் உருவாக்கிய இந்த எண் முறையில் ஒவ்வொரு ஸ்வரக்கூட்டும் ஆதார சுருதியிலிருந்து எத்தனையாவது படி என்பதே குறிக்கப்படுகிறது. பாடகர் திடீரென ஒரு கட்டை இறக்கிப் பாட விரும்பினாலும் தாளை மாற்றி எழுத வேண்டியதில்லை. உருளை வேறிடத்துக்கு நகர்ந்தால் போதும்.

பிறகு பங்கீடு நடக்கும். முதல் சரணத்தில் இடைவெளிகளைப் பிடில் நிரப்பட்டும், இரண்டாம் சரணத்தில் ஸ்டீல் நிரப்பட்டும், தனி வாசிப்பில் ஆளுக்குப் பாதி என்று அங்கேயே பேசி முடிவு செய்வார்கள். தன் முறை வராதபோது ஸ்டீல் கலைஞர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அந்த ஊதியத்தில் அடக்கம்.

தொழிலில் நிலைபெற்றவர்களின் பாதை எப்படி இருந்தது?

இண்டியானாவின் மிஷாவாக்கா ஊரில் 1937இல் பிறந்த பட்டி எம்மன்ஸ், 1955இல் லிட்டில் ஜிம்மி டிக்கென்ஸின் குழுவில் சேர்ந்து நாஷ்வில் வந்தார். பிறகு எர்னஸ்ட் டப், ரே பிரைஸ் ஆகியோரின் குழுக்களில் வாசித்தார். ஷாட் ஜாக்சனோடு சேர்ந்து ஷோ-பட் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் தன் பெயரிலேயே கருவி நிறுவனம் கண்டார். ஈ9 அமைப்பில் இரண்டு தந்திகளைச் சேர்த்தவரும் அவர்தான். 1963இல் ஜாஸ் இசைத்தட்டு ஒன்றையும் வெளியிட்டார். இவ்வளவுக்குப் பிறகும், 1960களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, ரோஜர் மில்லருக்கு பேஸ் கிட்டார் வாசித்தார். இந்தக் கருவியின் வரலாற்றில் ஈடிணையற்றவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒருவருக்கே நிலைமை அது.

லாயிட் கிரீன் இன்னொரு வகை. பயணக் குழுக்களில் அலைந்து, வருமானம் போதாமல் காலணிக் கடையில் விற்பனையாளராக வேலை பார்த்து, மீண்டும் இசைக்குத் திரும்பியவர். 1960களின் நடுவிலிருந்து அவர் நாஷ்வில்லின் மிகவும் தேடப்பட்ட பதிவுக் கலைஞர்களில் ஒருவரானார். டாமி வைனெட், சார்லி பிரைட் போன்றோரின் பதிவுகளில் அவருடைய வாசிப்பைக் கேட்டால், எவ்வளவு குறைவாக வாசித்து எவ்வளவு சொல்ல முடியும் என்பது விளங்கும். என்னைக் கேட்டால், வேகத்துக்கு எம்மன்ஸைக் கேட்பதற்கு முன் அடக்கத்துக்குக் கிரீனைக் கேட்க வேண்டும்.

வருமானம் எந்த வகைகளில் வருகிறது?

பதிவுக்கு அமர்வுக் கணக்கில் ஊதியம். சங்கம் குறைந்தபட்சத் தொகையை வரையறுக்கிறது. அமர்வுத் தலைவருக்கு இரட்டிப்புத் தொகை உண்டு. பெரும் பெயர் பெற்றவர்களும் இரட்டிப்பு கேட்டுப் பெறுகிறார்கள். பாடலாசிரியர்களின் மாதிரிப் பதிவுக்குத் தொகை குறைவு. நிறுவனம் வெளியிடும் மூலப் பதிவுக்கு அதிகம்.

பாடல் பெருவெற்றி பெற்றால் வாசித்தவருக்கும் பங்கு வருமா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் சாதாரண வானொலிகள் வாசித்தவருக்கோ பாடியவருக்கோ எதுவும் தருவதில்லை. பாடலை இயற்றியவருக்கே தருகின்றன. செயற்கைக்கோள், இணைய வானொலிகள் செலுத்தும் தொகையில் 5 விழுக்காடு மட்டும் பக்கக் கலைஞர்களுக்கென ஒதுக்கப்படுகிறது. அதிலும் பாதி குரல் துணைக்கும் பாதி வாத்தியக்காரர்களுக்கும் செல்கிறது. ஆகவே ஸ்டீல் வாசிப்பை மட்டும் நம்பிச் செல்வம் சேர்க்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். பாடலும் எழுதத் தெரிந்தவர் நிலை வேறு: ரால்ஃப் மூனி ஸ்டீல் கலைஞராகப் புகழ்பெற்றவர், அவர் இணைந்து எழுதிய ‘கிரேசி ஆர்ம்ஸ்’ 1956இல் ரே பிரைஸின் குரலில் பெருவெற்றி பெற்றது.

காலமாற்றத்தில் ஸ்டீலுக்கு வேலை குறைகிறதா?

இது ஏறி இறங்கும் தொழில். 1950களின் இறுதியில் செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் நகரத்து ரசிகர்களை ஈர்க்கக் கிராமியப் பாணிப் பிடிலையும் ஸ்டீலையும் ஒதுக்கி, வயலின் குழுவையும் பின்னணிக் குரல்களையும் முன்னிறுத்தினார்கள். அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பக் ஓவன்ஸ் போன்றோர் ஸ்டீலைக் கூர்மையாக ஒலிக்கவிட்டார்கள். அவருடைய குழுவில் டாம் பிரம்லி 1964இல் வாசித்த ஒரு தனி வாசிப்பை இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். 1980களில் ரிக்கி ஸ்காக்ஸ், ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், ராண்டி டிராவிஸ் ஆகியோர் பழைய ஒலிக்குத் திரும்பியபோது ஸ்டீலுக்கு மீண்டும் கிராக்கி ஏற்பட்டது. பின்னர் ராக், ஹிப்ஹாப் கலந்த கன்ட்ரி ஓங்கியபோது அது மீண்டும் பின்னணிக்குத் தள்ளப்பட்டது. அத்தகைய பாடல்களில் ஸ்டீல் பல வேளைகளில் தொலைவில் ஒலிக்கும் ஒரு நீண்ட சுரம் மட்டுமே. அதையும் மனம் கோணாமல் வாசிக்கத் தெரிய வேண்டும்.

பெண்கள் இத்துறையில் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள்; இன்னும் குறைவு. பார்பரா மாண்ட்ரெல் பாடகியாகப் புகழ்பெறுவதற்கு முன் சிறுமியாகவே மேடையில் ஸ்டீல் வாசித்தவர். மிதியில்லா ஸ்டீலிலும் டோப்ரோவிலும் சிண்டி கேஷ்டாலர் முதல் வரிசைக் கலைஞர்.

கன்ட்ரிக்கு வெளியே வாய்ப்பு உண்டா? அமெரிக்கர் அல்லாதவர் இதில் நுழைய முடியுமா?

பீட் டிரேக் பாப் டிலனுக்கும் ஜார்ஜ் ஹாரிசனுக்கும் வாசித்தார்; பால் ஃபிராங்க்ளின் 1991இல் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் இசைத்தட்டில் வாசித்து, அவர்களோடு உலகப் பயணமும் சென்றார். ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் ஹவுஸ் ஆஃப் காட் தேவாலயங்களில் ஸ்டீல் வழிபாட்டு இசையின் மையக் கருவி. ராபர்ட் ராண்டால்ஃப் அந்த மரபிலிருந்து வந்தவர். இங்கிலாந்தின் பி. ஜே. கோல் தன் நாட்டில் இருந்தபடியே எல்டன் ஜான் உள்ளிட்ட பலருக்கு வாசித்திருக்கிறார். ஆக, பிறந்த நாடு தடையன்று. ஆனால் கன்ட்ரிப் பதிவுகளில் தொடர்ந்து வேலை வேண்டுமென்றால் நாஷ்வில்லுக்கு நேரில் செல்ல வேண்டும். ஆங்கிலப் பாடல் வரியின் பொருளையும் சொல்லழுத்தத்தையும் உடனுக்குடன் புரிந்துகொள்ள வேண்டும். சோகமான சொல் வரும் இடத்தில் ஸ்டீல் குதூகலமாகக் குதித்தால் அந்த அமர்வோடு அழைப்பு நின்றுவிடும்.

முதல் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒற்றைக் கழுத்து, பத்துத் தந்தி, மூன்று மிதி, குறைந்தது நான்கு நெம்புகோல் என்பதற்குக் கீழே இறங்க வேண்டாம். மூன்று மிதியும் ஒரே நெம்புகோலும் கொண்ட பழைய பயிற்சிக் கருவிகள் மலிவாகக் கிடைக்கும்; ஆனால் பதிவுகளில் கேட்பவற்றில் பாதியை அவற்றில் வாசிக்க முடியாது. இரட்டைக் கழுத்துக் கருவி பெட்டியோடு சேர்ந்தால் 30 கிலோ அளவுக்கு வரும் என்பதையும், கச்சேரி முடிந்த பின் அதைப் படியில் இறக்குவது நீங்கள்தான் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மிதியை அழுத்தி விட்டதும் சுருதி பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று ஒவ்வொரு தந்தியாகச் சோதித்த பிறகே பணம் கொடுங்கள். தந்திகளில் முதலில் அறுவது மூன்றாவதுதான். மிக மெல்லிய அந்தத் தந்தியை மிதி மேலும் இழுப்பதால் அப்படி நேர்கிறது. ஆகவே முழுத் தொகுதி வாங்கும்போது மூன்றாம் தந்தியை மட்டும் கூடுதலாகச் சில வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.